பதினேழாவது குழியில் ஒரு பாட்டு

இஸ்லாவுக்குப் பாட்டு வராது. தாகாய்தாய் மலைமேல் இருக்கும் அந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்குகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும், அவன் பாடினால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். காரணம் வேறு.

இஸ்லாவ் வழக்கமாகப் பை தூக்குவது ஓய்வுபெற்ற ஒரு வக்கீலுக்கு. ஊரே அவரை அட்டர்னி என்றுதான் கூப்பிடும். அட்டர்னி அடித்த பந்து நேராகப் போன சரித்திரம் கிடையாது. மரத்துக்குள் போகும், புதருக்குள் போகும், சில நாள் வேலி தாண்டி அன்னாசித் தோட்டத்துக்கே போய்விடும். இஸ்லாவ் முன்னால் ஓடுவான். வேருக்கு நடுவே கிடக்கும் பந்தைக் கால் நுனியால் ஒரு தட்டு தட்டுவான். பந்து சமர்த்தாகப் புல்லுக்கு வந்துவிடும். உடனே மழையில் காதலியைத் தேடி அலைகிறவனின் பழைய பாட்டு ஒன்றைக் கரகரவென்று எடுத்துவிடுவான். பந்து பிழைத்துவிட்டது, மெதுவாக வரலாம் என்று அட்டர்னிக்கு அதுதான் சேதி.

"இஸ்லாவ் பாடிட்டான்டா, அட்டர்னி ஜெயிச்சுட்டாரு!" என்று பைக்காரர்கள் அறையில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? எல்லோருக்கும் அதே கால்தான். முதலாளியின் பந்தை நல்ல இடத்தில் காட்டாதவனை அடுத்த வாரம் யார் கூப்பிடுவார்கள்? அதைத் திருட்டு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பெரியவர்களுக்குக் காட்டுகிற மரியாதை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் போட்டி ஆட்டம் வேறு. போட்டியில் பைக்காரன் பந்தைத் தொட்டால் சட்டையில் குத்திய எண் வில்லையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வட்டாரத்தில் வேறெந்த மைதானமும் அவனை வாசலில்கூட நிறுத்தாது.

அன்று நடந்தது போட்டி. இஸ்லாவ் தூக்கியது தம்பி எமோங்கின் பை.

எமோங்கும் அதே அறையில் பை தூக்கி வளர்ந்தவன்தான். அண்ணனைப் போல அவனும் எத்தனையோ பெரிய மனிதர்களின் பந்தைக் காலால் தட்டியிருக்கிறான். தொழில்முறை ஆட்டக்காரனான அன்றைக்கு, இனிமேல் அந்தக் கால் வேண்டாம் என்று முடிவெடுத்தான். இருபத்திரண்டு வயதில் தவாவோவில் கோப்பை. ஆசியச் சுற்றுப் போட்டிகளில் இரண்டு வருடம் ஊர் ஊராகப் போனான். பிறகு தோள்பட்டை மக்கர் பண்ணியது, சுற்றில் இருந்த இடமும் போயிற்று. இப்போது முப்பத்தொன்பது. இந்தப் போட்டியில் ஜெயிக்கிறவனுக்கு மறுபடி ஆசியச் சுற்றில் இடம். இரண்டாவதாக வருகிறவனுக்குக் கைகுலுக்கல். அவ்வளவுதான். எமோங்குக்கு இன்னொரு தடவை இப்படி வாய்க்காது என்பது அவனுக்கும் தெரியும், அவன் தோளுக்கும் தெரியும்.

பதினேழாவது குழிக்கு வரும்போது எமோங் இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான். கூட ஆடியவன் என்சோ, மணிலாப் பையன், வயது இருபத்தொன்று. மலைக்குக் கீழே இருந்த ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. எமோங் அடித்த பந்து வலது பக்கம் வளைந்து பைன் மரங்களுக்குள் போய் விழுந்தது.

"கவலைப்படாத, நான் பாக்கறேன்!" என்று இஸ்லாவ் பையோடு ஓடினான்.

எமோங் பின்னாலேயே நடந்தான். பனிக்குள் அண்ணன் உருவம் மறைந்தது. அப்புறம் அந்தப் பாட்டு கேட்டது.

எமோங் மரத்தடிக்குப் போனான். பந்து புல்மேல், யாரோ எடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. முன்னால் குழி வரைக்கும் வழி திறந்து கிடந்தது.

"கூயா, பாடினியா?" என்று அண்ணனைக் கேட்டான்.

"நானா? எப்போ?" இஸ்லாவ் வாயைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்துவிட்டது. பாவி மனிதன், தான் பாடியதே தம்பி கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "சத்தியமா வேணும்னு செய்யல, எமோங். கால் தானா போயிடுச்சு. பரவால்ல, யாரும் பாக்கல. அடி. சீக்கிரம் அடி."

எமோங் மட்டையை உருவினான். ஒரே வீச்சுதான், வேலை முடிந்துவிடும். ஜப்பான், கொரியா, விமானம், பழைய பேர் எல்லாம் திரும்பி வரும். ஆனால் அவன் கை இறங்கவில்லை. இந்தப் பந்தை அடித்தால் இத்தனை வருடமாகத் தான் ஆடியதெல்லாம் அட்டர்னியின் ஆட்டம்தான் என்று தோன்றியது. அருவருப்பாக இருந்தது. அண்ணன்மேல் கோபமும் வந்தது, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

மட்டையைப் பையில் போட்டுவிட்டு நடுவரைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"டேய், என்னைக் கொன்னுடாதடா," என்றான் இஸ்லாவ் மெல்ல.

நடுவர் வண்டியில் வந்து இறங்கினார். எமோங் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பந்து கெடச்ச அப்புறம் என் கால் பட்டுடுச்சு சார். நகந்துடுச்சு."

"உங்க காலா?"

"என் கால்தான்."

"அப்போ ஒரு அடி தண்டனை. பந்த முன்ன இருந்த எடத்துலயே வைங்க. எங்க இருந்துச்சு?"

அங்கேதான் எமோங் மாட்டிக்கொண்டான். எங்கே இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பேந்தப் பேந்த விழித்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். இஸ்லாவ் நாலடி தள்ளிப் போய், இரண்டு தடித்த வேர்களுக்கு நடுவே இருந்த பொந்தைக் காட்டினான். அங்கிருந்து பந்தை அடிக்கவே முடியாது. வெளியே எடுத்துப் போட இன்னொரு அடி தண்டனை.

எமோங் ஏழு அடியில் முடித்தான். என்சோ நான்கில் முடித்தான். கடைசிக் குழியில் இருவரும் சமமாக அடித்தார்கள். எமோங் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றான்.

தோல்வியோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. பரிசளிப்பு முடிவதற்குள், எமோங் வேண்டுமென்றே தட்டிவிட்டான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கால் தவறிப் பட்ட பந்து வேருக்குள்ளிருந்து புல்லுக்கா வந்து உட்காரும்? எமோங் கை குலுக்கப் போனபோது என்சோ நுனிவிரலைத்தான் கொடுத்தான்.

பை வைக்க அண்ணனும் தம்பியும் பைக்காரர்கள் அறைக்குப் போனார்கள். இஞ்சி போட்ட கோழிக்கஞ்சியோடு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அறைக்கும் அங்குள்ள பைக்காரர்களுக்கும் பொறுப்பாளியான அலிங் பூரிதா மேசைக்குப் பின்னால் இருந்தாள். வில்லை கொடுப்பதும் பறிப்பதும் அவள் கையில்.

என்சோவின் பை தூக்கிய டெங்குக்கு வாய் அதிகம். "வாங்க சாம்பியன், வாங்க! கால் வலிக்குதா? எண்ணெய் தடவி விடட்டுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எமோங் பையை மூலையில் சாய்த்தான்.

"நடுவர் வண்டி சத்தம் கேட்டதும் ஐயாவுக்கு ஞானம் வந்துடுச்சு," என்றான் டெங். "பைக்காரன் காலு எங்க போனாலும் பைக்காரன் காலுதான். ஆசியாவுக்கே போய்ட்டு வந்தாலும் பழக்கம் விடுமா?"

"டெங், கஞ்சியக் குடி," என்றாள் அலிங் பூரிதா.

எமோங் குனிந்து பையின் வாரைக் கட்டினான். உண்மையைச் சொன்னால் அண்ணன் வேலை போகும். சொல்லாவிட்டால் தன் பேர் போகும். அது பனியோடு பனியாக அப்போதே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு மணிலா, நாளை மறுநாள் தவாவோ என்று எல்லா மைதானத்திலும் இதே சிரிப்பு அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

"வா கூயா, போலாம்," என்றான்.

இஸ்லாவ் வரவில்லை. கதவோரம் நின்றவன் தொண்டையைச் செருமினான். பிறகு பாட ஆரம்பித்தான்.

அதே பாட்டு, அதே கரகரப்பு. டெங்கின் கரண்டி பாதி வழியில் நின்றது. சிரித்த இருவரும் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் ஒருவருமில்லை. பாட்டு எந்த மரத்தடியில் எப்போது கிளம்பியிருக்கும் என்பதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"கூயா, வேணாம்," என்றான் எமோங். "நிறுத்து. கெஞ்சிக் கேக்கறேன்."

அலிங் பூரிதா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னைக்கு எனக்குக் காதே சரியில்ல, இஸ்லாவ்," என்றாள். "ஒண்ணும் கேக்கல. நிறுத்திட்டு வீட்டுக்குப் போ."

இஸ்லாவ் நிறுத்தினான். சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றினான். மேசை வரைக்கும் நடந்துபோய் அவள் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தான். பிறகு அவளுக்குக் கேட்கட்டும் என்று, பாட்டை முதல் வரியிலிருந்து இன்னும் உரக்க ஆரம்பித்தான்.