எண்பத்தெட்டாம் பீப்பாய்

டெஸ்மண்டை எனக்கும் பிடிக்காது, கோலினுக்கும் பிடிக்காது. ஆனாலும் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் டெர்பி நகரத்து பீர் விழாவுக்குப் போகிறோம். காரணம் அவருடைய மூக்கு. அதைத் தவிர அந்த மனிதரிடம் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றும் கிடையாது.

விழாவில் இந்த வருஷம் நூற்று நாற்பத்தாறு பீப்பாய்கள். எல்லாம் கொட்டகையிலும் பழைய மாட்டுத் தொழுவத்திலும் நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து காய்ச்சுகிற சின்ன ஆலைகளின் சரக்கு. கிளாஸில் அளவுக்காகப் போட்டிருக்கும் கீழ்க்கோடு வரைக்கும் மட்டும் ஊற்றி வாங்கினாலும் ஒரு மத்தியானத்தில் மனுஷ வயிறு பன்னிரண்டுக்கு மேல் தாங்காது. அதனால் எந்தப் பன்னிரண்டு, எது முன்னால், எது பின்னால் என்பதுதான் எல்லாமே. கசப்பு தூக்கலானதை அவசரப்பட்டு முதலில் குடித்துவிட்டால் அப்புறம் வருகிறதெல்லாம் குழாய்த் தண்ணீர்தான்.

அந்தத் தேர்வு டெஸ்மண்டுடையது. அவர் விழாக் கையேட்டைப் பிரித்துப் பீப்பாய் எண் சொல்லுவார். நான் போய் மூன்று கிளாஸிலும் வாங்கி வருவேன். அவர் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுவார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் நாங்கள் வாய் வைக்கலாம். வாய் வைத்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் அவர் கில்லாடிதான்.

ஆனால் அந்தத் திமிர் இருக்கிறதே. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஆசைப்பட்டு, நானாக ஒரு பீர் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தேன். மனுஷர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கிளாஸையும் சேர்த்து வாங்கி மேஜைக்கடியில் இருந்த வாளியில் கவிழ்த்தார். மிச்சம் மீதியைக் கொட்டுவதற்காக மேஜைக்கு மேஜை வைத்திருக்கும் வாளி அது.

"மேவிஸ் அம்மணி, இருபது வருஷம் ஸ்கூல் கிச்சன்ல குழம்பு கிண்டின நாக்கு. அது வெந்து போய் ரொம்ப நாளாச்சு. நீ வாங்கிட்டு வர்ற வேலைய மட்டும் பாரு" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றைக்கு நான் காலி கிளாஸை எடுத்துக்கொண்டு அவர் சொன்ன அடுத்த எண்ணை வாங்கப் போனேன். ஆனால் மறக்கவில்லை.

கோலின் பிளம்பர். அவனுடைய வேனில் முன்பக்கம் மூன்றே இருக்கை. ஓட்டுகிற அவன் (அதனால் எதிலும் ஒரு வாய்தான் குடிப்பான்), நான், டெஸ்மண்ட். கோலினின் மச்சான் கேரத் நாலு வருஷமாக அந்த மூன்றாவது இருக்கைக்கு அடிபோட்டுக்கொண்டிருக்கிறான். கேரத் கலகலப்பானவன், பாட்டெல்லாம் பாடுவான். டெஸ்மண்டின் மூக்கு இருக்கிற வரைக்கும் அவனால் ஒன்றும் பண்ண முடியவில்லை. இது டெஸ்மண்டுக்கும் தெரியும். அவருக்கு எழுபத்தொரு வயது, கல்யாணம் இல்லை. தங்கை ஒருத்தி கனடாவில். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் வாய் திறந்து பேசுவதை நாலு பேர் உட்கார்ந்து கேட்கிற நாள்.

பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் முதல் மூன்று பீர் சாதாரணமாகத்தான் போயிற்று. நாலாவதாக ஐம்பத்தேழைச் சொன்னார். வெளிர் மஞ்சள், பார்க்க அழகாக இருந்தது. டெஸ்மண்ட் கிளாஸுக்குள் மூக்கை விட்டார், கண்ணை மூடினார், குடித்தார்.

"புது வைக்கோல். எலுமிச்சைத் தோல். கடைசில நாக்கு நுனில சின்னதா ஒரு மிளகு" என்றார்.

நான் குடித்தேன். வினிகர். பீப்பாய் கெட்டுப்போய்ச் சுத்தமான வினிகராகியிருந்தது. வறுத்த மீன் மேல் தெளித்துச் சாப்பிடலாம், அவ்வளவு புளிப்பு. கோலின் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர். வாயைத் திறக்கப் போனவனை நான் மேஜைக்கடியில் ஒரு உதை விட்டேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இருக்கும்" என்றார் டெஸ்மண்ட், மிச்சத்தையும் குடித்துக்கொண்டே.

கையேட்டை மெதுவாக என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். ஐம்பத்தேழுக்கு நேராக அச்சடித்திருந்தது: புது வைக்கோல், எலுமிச்சைத் தோல், முடிவில் மிளகு. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால்தான். இதை மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

கிளாஸ் கழுவுகிற சாக்கில் கோலினை இழுத்துக்கொண்டு போனேன். ஐம்பத்தேழாம் பீப்பாயில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்ற தொண்டர் பெண்ணிடம் சொன்னதும் அவள் முகர்ந்து பார்த்து, முகம் சுளித்து, இனி ஊற்றுவதில்லை என்று எண் அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

"காய்ச்சல்ல மூக்கும் நாக்கும் போயிருக்கு" என்றான் கோலின். "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு. சோப்பும் சீஸும் ஒண்ணுதான் அவங்களுக்கு. பாவம் மேவிஸ், சொல்லிடலாமா?"

"பாவமா? மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டு நம்மளக் கேணையாக்குறாரு, அவரு பாவமா?"

கோலின் நல்ல பையன்தான், ஆனால் ஒரு வேடிக்கை என்றால் விடமாட்டான். "அப்ப ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றான்.

அடுத்து அறுபத்து மூன்று கேட்டார். நாங்கள் அன்றைக்கு முதலில் குடித்த அதே பீரையே வாங்கிக் கொடுத்தோம். டெஸ்மண்ட் பீச் பழமும் தேனும் இருப்பதாகச் சொன்னார். கையேடும் அதையேதான் சொன்னது.

"வாத்தியாரே, உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல" என்றான் கோலின். டெஸ்மண்ட் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்ததும் எனக்கு ஏழு வருஷத்துக் கோபமும் மொத்தமாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் அவர் எண்பத்தெட்டு கேட்டார். பழுப்பு நிற பீர். நான் எண்பத்தெட்டாம் பீப்பாய் பக்கமே போகவில்லை. தூணுக்குப் பின்னால் காலியான மேஜை ஒன்று இருந்தது. அதன் அடியிலிருந்த வாளியில் மத்தியானம் முழுக்கக் கொட்டியதெல்லாம் கலந்து கிடந்தது. கருப்பு பீர், ராஸ்பெர்ரி பீர், யாரோ வாய் கொப்பளித்தது, ஒரு பன்றித்தோல் வறுவல் துண்டு. வறுவலை எடுத்துப் போட்டுவிட்டு அவருடைய கிளாஸைக் கோடு வரைக்கும் நிரப்பினேன். நிறம் சரியாகவே இருந்தது.

நான் திரும்பி வருவதற்குள் கோலின் பக்கத்து மேஜைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். ஷெஃபீல்டிலிருந்து வந்த ஆறு பேர். எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். கோலின் மெசேஜ் பார்ப்பவன்போல் போனை நேராகப் பிடித்திருந்தான்.

டெஸ்மண்ட் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குடித்தார். பாதி கிளாஸை ஒரே மூச்சில்.

"வறுத்த ஹேசல் பருப்பு" என்றார் சத்தமாக. "அப்புறம் டாஃபி. அடில கொஞ்சம் பழைய மரப்பெட்டி வாசன. நாலு வருஷத்துல இந்த மாதிரி ஒண்ணு நான் குடிச்சதில்ல."

ஷெஃபீல்டுக்காரர்களில் ஒருவனுக்கு மூக்கு வழியாகப் பீர் வந்தது. மற்றவர்கள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். டெஸ்மண்டும் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார், யாரோ ஜோக் சொன்னதை ரசிப்பவரைப்போல. நான் என் கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கோலின் போனை எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போய்விட்டான். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். டெஸ்மண்ட் மிச்சத்தைக் குடித்து முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"தூணுக்குப் பின்னாடி நின்னா தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார், கையேட்டைப் பார்த்துக்கொண்டே. "வாளிக்குக் குனிஞ்சப்ப உன் பச்ச கோட்டு தெரிஞ்சுது."

நான் கிளாஸை மேஜையில் வைத்தேன்.

"மூக்கும் நாக்கும்தான் போச்சு மேவிஸ். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? இது வாளித் தண்ணின்னு சொன்னா, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பீங்க. மோந்து பாத்தேன்னு பொய் சொல்லலாம். அடுத்த கிளாஸுல மாட்டிப்பேன்." அவர் குரல் மாறவே இல்லை, ஏதோ ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னார். "பிப்ரவரிலேருந்து ஒண்ணும் தெரியல. ரொட்டி, சூப், மருந்து, எல்லாம் ஒண்ணுதான். டாக்டர் வரும்னாரு. வரல."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அடுத்த வருஷம் வேன்ல கேரத் உக்காந்திருப்பான். நீ என்ன, எனக்காகச் சண்ட போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும், பதிலுக்காக அவர் காத்திருக்கவும் இல்லை.

"உன் மேல கோபமில்ல" என்றார். "அன்னிக்கு உன் பீரக் கொட்டினேன். இன்னிக்கு நீ எனக்கு அதயே குடுத்த. சரியாப் போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கோலினுக்குத் தெரிய வேணாம். அவனுக்குத் தெரியாத வரைக்கும் நான் வரலாம். நீ மட்டும் வாய மூடிக்கிட்டா போதும்."

அவர் கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாத்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் தலையாட்டினார். அந்தக் காலி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் பக்கத்து மேஜையில் கோலின் போனின் சத்தத்தைக் கூட்டினான்.

"வறுத்த ஹேசல் பருப்பு" என்றது டெஸ்மண்டின் குரல். "அப்புறம் டாஃபி."

ஆறு பேரும் ஊளையிட்டார்கள். "இன்னொரு தடவ போடு, இன்னொரு தடவ" என்றான் ஒருவன். "மச்சானுக்கு அனுப்பிட்டேன்யா" என்றது கோலின் குரல். "சீட்டுல இப்பவே துண்டு போட்டு வைக்கிறானாம்." மறுபடியும் வறுத்த ஹேசல் பருப்பு, மறுபடியும் டாஃபி.

டெஸ்மண்டின் கையிலிருந்து கிளாஸ் நழுவிக் கல் தரையில் விழுந்து சிதறியது.

பீர் விழாவில் யார் கிளாஸை உடைத்தாலும் மண்டபம் மொத்தமும் கைதட்டிக் கூச்சல் போடும். அதுதான் வழக்கம். ஆயிரம் பேர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து ஆர்ப்பரித்தார்கள். ஓரத்தில் நின்றவர்கள் யார் என்று எக்கிப் பார்த்தார்கள். உடைத்தவர் எழுந்து கையசைக்க வேண்டும், அதுவும் வழக்கம். டெஸ்மண்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நாலு பக்கமும் திரும்பிக் கையசைத்தார், உட்கார்ந்தார்.

கோலின் சிரித்த முகத்தோடு ஓடி வந்தான். "என்ன வாத்தியாரே, அதுக்குள்ள ஏறிடுச்சா? சரி, அடுத்தது எது, சொல்லுங்க."

டெஸ்மண்ட் என் பக்கம் திரும்பவே இல்லை. கையேட்டைப் பிரித்து விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டினார். எழுத்து தெரிய அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"நூத்தி நாலு" என்றார். "செர்ரி இருக்கும். கொஞ்சம் புகை வாசன."

நான் அவருக்கு ஒரு புது கிளாஸ் எடுத்துக்கொண்டு நூற்று நாலாம் பீப்பாய்க்கே போனேன். வரிசையில் நின்று, கோட்டுக்கு மேலேயே ஊற்றச் சொல்லி வாங்கினேன். வழியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், அருமையான பீர். பத்தொன்பது வருஷத்தில் அவர் தேர்ந்தெடுத்ததிலேயே அதுதான் உயர்ந்தது என்று சொல்லுவேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையும், வாளித் தண்ணீரைக் குடித்த அதே முகத்தோடு குடித்தார்.