வெள்ளிக்கிழமைச் சோறு

வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. திருமாறன் சிரித்துக்கொண்டான். அம்மா அதற்குள் ஊரையே கூட்டிவிட்டாள்.

அன்று காலைதான் இசைக் கொம்பனியிலிருந்து போன் வந்திருந்தது. அவனுடைய 'நாலாம் நம்பர் பம்ப்' ஆல்பம் விற்பனையில் நாட்டிலேயே மூன்றாவது இடம். லண்டனில் ஸ்ட்ரெதம் பெற்றோல் ஷெட்டில் ஆறு வருடம் ஷிப்ட் செய்தவன், அங்கே வந்துபோன லொறிக்காரரையும் கிளீனர்களையும் பற்றிக் கிற்றாரோடு ஆங்கிலத்தில் பாடிய பத்துப் பாட்டுகள். கடைசிப் பாட்டைத்தான் ரேடியோக்காரர்கள் விடாமல் போட்டார்கள். அது திரும்பி வராத ஓர் அண்ணனைப் பற்றியது.

ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த அவர்கள் வீட்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரும் கை தட்டவில்லை. தரையில் விரித்த துணியில் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். மேசையில் அலுமினியத் தாள் மூடிய தட்டங்கள்.

பக்கத்து வீட்டுப் புனிதா எழும்பி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி. என்ரை மகள்தான் பாட்டை விளங்கப்படுத்தினவள். கேட்ட உடனை அம்மாவிட்டை ஓடி வந்தனான். அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள் எண்டு சோறும் கொண்டந்தனான்."

சுவரோரம் அம்மா பாலாம்பிகை அழாமல் இருந்தாள்.

அண்ணன் யோகராஜா வன்னிப் போரில் காணாமல் போய் ஒன்பது வருடம். அவன் வந்து இறங்கும்வரை வெள்ளிக்கிழமைகளில் சோறு தொடுவதில்லை என்று அம்மாவுக்கு நேர்த்தி. ஒரு குவளை பாலோடு அந்த நாள் போய்விடும். இரண்டு வருடங்களுக்கு முன், சமாதான காலத்தில் லண்டன் வந்த பீற்றர் என்பவன், யோகராஜாவைத் தன் கையாலேயே புதைத்ததாகத் திருமாறனிடம் சொன்னான். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பாட்டாக எழுதினான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவனுக்குத் தைரியம் தந்தது. பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். புனிதா கடைசியாகப் போனாள்.

"பாட்டுக்காகச் சும்மா எழுதினனியோ?" அம்மா கேட்டாள். குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"இல்லை அம்மா."

"எப்ப தெரியும்?"

"ரெண்டு வருசம்."

அம்மா வெள்ளிக்கிழமைகளை எண்ணுவதுபோல் விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"ரெண்டு வருசமும் நான் பட்டினி கிடக்க நீதானே பால் காய்ச்சித் தந்தனி."

"சொல்ல ஏலாமல் போச்சு அம்மா."

"ஊர் உலகத்துக்கு எல்லாம் சொல்ல ஏலுமா இருந்ததே."

அவன் அம்மாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குத் தமிழிலை சொல்லு. பாட வேண்டாம். சொல்லு."

சொன்னான். ஷெல் விழுந்த இடம், பீற்றர் தூக்கிக்கொண்டு ஓடியது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரம். ஆல்பத்தில் நாலு நிமிடத்தில் முடிந்த பாட்டு, இங்கே அரை மணிநேரம் எடுத்தது. நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. கொம்பனிக்காரர்களாக இருக்கும். அவன் எடுக்கவில்லை.

"வலிச்சிருக்குமோ?"

"இல்லையாம். உடனையாம்."

அது பொய். பீற்றர் அப்படிச் சொல்லவில்லை. பாட்டிலும் அந்த இடத்தை அவன் விட்டிருந்தான்.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். மேசைக்குப் போய்த் தாளை விலக்கினாள். ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் புனிதாவின் சோற்றைப் போட்டுப் பருப்பு விட்டாள். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பிசைந்தாள்.

சுவரில் தொங்கிய கலண்டரில் அன்று வெள்ளிக்கிழமை.

முதல் பிடியை அவள் வாயில் வைத்தாள். விழுங்க நேரம் எடுத்தது. விழுங்கிவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள்.