கோவிந்தராஜின் கை

“அவரோட கை உனக்குத் தெரியும்ல?” என்று ஜெயமணி அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார். தந்தி விசையை ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டுவார்கள். அந்தத் தட்டலைத்தான் கை என்பார்கள். அக்காவின் கணவர் கோவிந்தராஜ் துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். வீட்டிலும் லைசென்ஸ் வாங்கி ஒரு செட் வைத்து, முகம் தெரியாதவர்களோடு டிக் டிக்கென்று பேசுவார். அந்தத் தீவில், ஹாடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வாய் திறக்கப் பயந்து ஆறாம் வகுப்போடு நின்ற நான், அந்தச் சுவரில் சாய்ந்தே பொழுதைக் கழித்தேன். அவர் ஒட்டிவைத்திருந்த புள்ளி கோடு அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு, காதில் விழுந்ததையெல்லாம் ஆங்கில எழுத்துகளாக யாருக்கும் காட்டாத நோட்டில் இறக்கினேன். அர்த்தம் தெரியாது. அவர் கை மட்டும் தெரியும். கடைசிக் கோட்டுக்கு முன் ஒரு கணம் தயங்கும்.

1969 மே மாதம் அவர் ஏறி, இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பே துறைக்குப் போன படகு கவிழ்ந்தது. இரண்டு உடல்கள் ஒதுங்கின. அவருடையது இல்லை. ஆபீஸிலிருந்து வந்து அனுப்பும் பெட்டியை எடுத்துப்போனார்கள். கேட்கும் பெட்டியை விட்டுவிட்டார்கள். காரியம் செய்யணும், அடுத்த கப்பலில் கிளம்பி வா என்று மெயின்லேண்டிலிருந்து மாமியார் கடிதம் போட்டார். அக்கா பொட்டையும் அழிக்கவில்லை, டிக்கெட்டும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்கப் போய்வந்துகொண்டிருந்தார்.

குழாயடியில் தங்கம் பெரியம்மாதான் ஆரம்பித்தார். “கடல்ல போனவங்க வயர்லெஸ்ல வந்து பேசுவாங்களாம்டி.”

“ஏன் மதினி, பேய்க்கும் லைசென்ஸ் குடுக்குதா கவர்மெண்டு?” என்று அம்மா சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலைதான் அவர் கை தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

அதிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அக்கா வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா டீ போட்டு வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். இரைச்சல். யார் யாருடைய கைகளோ. இருபத்து மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். பெயர் வேறு, அழைப்புக் குறி வேறு. கை அதே கை.

“அக்கா, அவருதான்!”

“ஆவியா வந்து பேசுறாரா?”

“இல்லக்கா, உசுரோட இருக்காரு. எதிர்ல ஒருத்தர் பதில் குடுக்குறாரே.”

“பக்கா மாலூமா? நிச்சயமாத் தெரியுமா உனக்கு?”

“பக்காக்கா.”

அக்கா சாமி படத்துக்கு முன் கண்ணை மூடி நின்றார். நான் வந்ததை வந்தபடி எழுதி முடித்தேன். முதல்முறையாக என் நோட்டை இன்னொருவர் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

அக்கா விளக்கடியில் எழுத்துகளைப் பென்சிலால் பிரித்துப் பிரித்துப் படித்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

“இதச் சரியா எழுதினியா?”

“வந்தபடியேதான்க்கா. என்ன சொல்றாரு?”

வகுப்பில் டிக்டேஷன் சொல்லும் குரலில் சொன்னார். “இங்க நல்ல மழை. குழந்தைக்கு ஜொரம் விட்டுடுச்சு. வீட்டுக்காரி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னா.”

அக்காவுக்குக் குழந்தை இல்லை.

“என் காது தப்பாவும் இருக்கும்க்கா” என்றேன். கழுத்தில் தொங்கிய ஹெட்போன் இன்னும் டிக் டிக்கென்றது. கடைசிக் கோட்டுக்கு முன் தயங்கியது.

அக்கா பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினார். குடையை எடுத்தார். தன் வீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு, குடையை விரிக்காமலே, மழையில், மெயின்லேண்ட் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு இறங்கும் சாலையில் போனார்.