எங்க போறீங்க?

மலைக்கு அந்தப் பக்கம் தடை செய்யப்பட்ட பகுதி. சுற்றிப்பார்க்கப் போக பெர்மிட் வேண்டும். பெர்மிட் வாங்கி, வேன் பிடித்து, கைடு போட்டு அனுப்பிவைப்பது சௌந்தரவல்லியின் தொழில். தொழில் தொடங்கி வெகுகாலமாகிறது. இதுவரை ஒரு பயணிகூட அந்தப் பக்கம் போனதில்லை. மற்றபடி தொழில் நன்றாகவே நடக்கிறது.

பெர்மிட்டில் ஒரு குறையும் கிடையாது. முத்திரையெல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சோதனைச்சாவடி அதிகாரி நல்லதம்பி, குறுக்குக் கம்பைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது சட்டம்.

"எங்க போறீங்க?"

கிளம்புகிறவனைப் பார்த்து வாய்கூசாமல் இப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்குமா? பயணிகளின் முகம் சுண்டிப்போகும். சகுனம் சரியில்லை என்று வேனைத் திருப்பிக்கொண்டு சௌந்தரவல்லி வீட்டுக்கே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். நல்லதம்பி மறுபடி கேட்பார்.

பாவம், இப்படி அலைகிறார்களே என்று சோதனைச்சாவடியே கொஞ்சம் கொஞ்சமாக மலையை விட்டு இறங்கி வந்தது. இப்போது சௌந்தரவல்லி வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தடை செய்யப்பட்ட பகுதியும் பின்னாலேயே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற சர்வேயர் பட்டாபி, தண்ணீர் குடிக்க உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சாகிவிட்டார். மற்ற பயணிகள் அவர் மேல்தான் உட்காருகிறார்கள். அவரும் ஆட்சேபிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சௌந்தரவல்லி அவரை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

ஒரே ஒருவன் உள்ளே போயிருக்கிறான். அவள் புருஷன் அருணகிரி. அவன்தான் கைடு. கூட்டம் வருவதற்கு முன்னால் வழி பார்த்துவைக்கப் போனான். அந்த நேரம் நல்லதம்பியின் வாயில் வடை இருந்தது. கேட்க முடியவில்லை. அருணகிரி போயே போய்விட்டான். ஆனால் கூட்டத்தை விட்டுவிட்டுக் கைடு தனியாகத் திரும்பக்கூடாது. கூட்டமோ இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் அவன் ஆளில்லாத கூட்டத்துக்குத் தினமும் சுற்றிக் காட்டுகிறான். "எல்லாரும் சேந்து வாங்க, எடது பக்கம் பாருங்க" என்று குரல் மட்டும் கொல்லைக்கு வரும். சௌந்தரவல்லி சோறு வடித்தபடி இடது பக்கம் பார்ப்பாள். அங்கே அம்மி இருக்கும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். தொழில் எக்கேடு கெட்டால் என்ன, அவளுக்கு அவன் வேண்டும். குழம்பில் உப்பு கூடிப்போனால் முகத்தைச் சுளிக்கக்கூட வீட்டில் ஆளில்லை.

நல்லதம்பியிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

"ஒரே ஒரு தடவ கேக்காம விடுங்கண்ணே."

"கேக்கலேன்னா நான் எதுக்கும்மா?"

"மனசுக்குள்ள கேட்டுக்கங்களேன்."

"கேட்டுப் பாத்தேன். நானே போய் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு வர வேண்டியதாப் போச்சு."

வடை சுட்டுக் கொடுத்தாள். அவர் தொடவில்லை. முன்பு நடந்த தவறுக்காக மேலிடம் அவருடைய உயரத்தில் கொஞ்சம் பிடித்தம் செய்திருந்தது.

ஒருநாள் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றின் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். முதுகு போய்க் குறுக்குக் கம்பில் இடித்தது. நல்லதம்பி எழுந்து நின்றார்.

"வாங்கம்மா வாங்க. எப்ப வந்தீங்க?"

சௌந்தரவல்லிக்குப் பொறி தட்டியது. முகம் வீட்டைப் பார்த்திருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள் என்று கணக்கு. வருகிறவளை எங்கே என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஒருத்தி போய்ச் சேர்ந்தாலும் கூட்டம் கூட்டம்தான். கையோடு அவனை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

"இப்பத்தாண்ணே" என்றாள்.

"பிரயாணம் சௌகரியமா?"

"ரொம்ப சௌகரியம்."

கம்பு உயர்ந்தது. அவள் பின்பக்கமாகவே உள்ளே போனாள். கயிறு வேண்டுமட்டும் நீண்டுகொண்டே வந்தது. முருங்கை மரம் சிறுத்தது, வீடு சிறுத்தது, பட்டாபி சிறுத்தார். அருணகிரியின் குரல் நெருங்க நெருங்க அவளுக்குத் திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பினால் போகிறவளாகிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

குரல் நின்றது. அவனுடைய வேர்வை வாசனை வந்தது.

அருணகிரி பார்த்தான். இத்தனை காலம் கழித்துப் பெண்டாட்டி வந்திருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பிப் போகிறாள் என்றே நினைத்துவிட்டான்.

"வல்லி! வந்ததும் வராததுமா எங்க போற?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பிரியத்தில் கேட்டுவிட்டான். சௌந்தரவல்லி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினாள். அவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி கொண்டா."

ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"குடிச்சிட்டா, மறுபடி வீட்லேர்ந்து கெளம்பணுமில்ல?"

"குடிச்சாத்தான?"

சொம்பை மடியில் வைத்து, வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சற்று நகர்ந்து, அவன் உட்கார இடம் விட்டாள்.