பச்சை லேபிள்

வியாழக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குக் கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு, என் கணவர் குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானையின் அடியில் ஈரமணலில் புதைத்து வைத்திருந்த இரண்டு பீர் புட்டிகளுள் ஒன்றை உருவி எடுத்தேன். மணலைப் புடவைத் தலைப்பால் துடைத்தபொழுது பச்சை நிற லேபிளும், அதில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரையும் தெரிந்தன. நாரைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஏதேதோ அச்சிட்டிருந்தார்கள். முதியோர் கல்வி வகுப்பில் நான் கற்றது தமிழ் மட்டுமே. ஆயினும் எண்களை எந்த மொழியாலும் ஒளித்து வைக்க முடியாது. ஒன்று, ஒரு புள்ளி, ஐந்து.

"நூத்துக்கு ஒன்றரையா?" என்றாள் கைருன்னிஸா. "எங்க மச்சான் குடிக்கிற இருமல் மருந்துல இதைவிட ஜாஸ்தி இருக்கும்டி."

கைருன்னிஸா அடுத்த வீட்டுக்காரி. அடுப்படியின் வாசற்படியில், புட்டியிலிருந்து எட்டடி தள்ளி அமர்ந்திருந்தாள். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொட மாட்டேன், சொல்லிட்டேன். மூடியைக்கூடத் தெறந்து குடுக்க மாட்டேன். நீ மல்லாந்து விழுந்தா தூக்கி உக்கார வைக்கத்தான் வந்திருக்கேன்."

"விழுந்தா சிரிக்கக் கூடாது."

"அதுக்கு நான் ஒத்துக்கலியே."

கதவின் நாதாங்கியில் மூடியை மாட்டி நெம்பினேன். சிறு பெருமூச்சுப்போல ஓர் ஒலி எழுந்தது. நுரை என் விரல்களில் வழிந்தது. முப்பத்தெட்டு ஆண்டு வாழ்வில் அன்றுதான் முதன்முறையாக நான் மதுவைக் கையால் தொட்டேன். விளையாட்டிற்காகவோ விருப்பத்திற்காகவோ தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வரவிருந்தார். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு உண்மையான விடையை அறிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் கணவர் தெட்சிணாமூர்த்தி வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத்தில் அவருடைய குரல் உயர்ந்ததை ஒருவரும் கேட்டதில்லை. தருமபுரத்தில் எங்கள் தெருவில் அவரை நல்லவர் என்பார்கள். குடிப்பவர் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்கள். இங்கே மது மலிவு என்று வாஞ்சூர் மாநில எல்லையைக் கடந்து வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களையும், போக இயலாமல் சாலையோரத்தில் படுத்துக் கிடப்பவர்களையும் நாள்தோறும் கண்டு பழகிய ஊர் எங்களுடையது. மழையில் நனைந்து வருகிறவனை எப்படிக் கண்டிப்பதில்லையோ, அப்படியே குடித்துவிட்டு வருகிறவனையும் இங்கே எவரும் பெரிதாகக் கண்டிப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பிராந்தி குடித்துவிட்டு வந்த ஒரு நாளில் அவர் என்னைப் பிடித்துத் தள்ளினார். வலது மணிக்கட்டு முறிந்தது. செய்தி அறிந்து, திருமலைராயன்பட்டினத்திலிருந்து என் அண்ணன் சண்முகசுந்தரம் வாடகைக் காரோடு வந்து வாசலில் நின்றார். அவர் கட்டுப்போட்ட என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

"குடிச்சிருந்தாரா, நிதானத்துல இருந்தாரா?"

"குடிச்சிருந்தாரு."

அண்ணனுடைய தோள்கள் தளர்ந்தன. "அப்போ அது அவரு இல்ல, சொர்ணம். உள்ள போனது பண்ணுன வேலை. நிதானத்துல ஒரு நாளு கை நீட்டட்டும், அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். அப்புறம் யாரு வந்து கால்ல விழுந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன்."

இது என் அண்ணன் புதிதாக இயற்றிய சட்டமன்று. என் பெரியம்மாவின் வழக்கிலும், என் நாத்தனாருடைய வழக்கிலும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. இதே விடைதான் கிடைத்தது. பெண்கள் இருந்த வீட்டிலேயே இருந்தார்கள். அண்ணன் வந்த மறுநாள் காலையில் ஐயனார் கோயிலில் ஊரார் முன்னிலையில் சூடம் கொளுத்தி, சாராயம், பிராந்தி, கள் மூன்றையும் இனித் தொடுவதில்லை என்று என் கணவர் உள்ளங்கையால் அதை அணைத்தார். அணைத்த பிறகு அவர் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அது மன்னிப்புக் கேட்பவருடைய பார்வையாக இல்லை.

பதினெட்டு மாதங்கள் அமைதியாகக் கழிந்தன. அதன் பின்னர்தான் பாலகுரு என்பவருடைய மதுக்கடைக்கு இந்த நாரைப் புட்டி வந்து சேர்ந்தது. என் கணவர் அதனை ஓர் அரசாணையை விளக்குவதுபோல எனக்கு விளக்கினார்.

"சூடம் அணைச்சப்ப பீருன்னு சொன்னேனா? சொல்லல. அதுலயும் இது லைட்டு. சோடா மாதிரி. ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்குங்க குடிக்கணும்?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

ஒரு மாதம் சென்றது. பிறகு ஒரு மாலை அவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். நாக்குக் குழறியது. "என்னை ஊரு முன்னால சூடம் அணைக்க வச்சான்ல உங்கண்ணன்" என்று தொடங்கி, சோறு பரிமாறியிருந்த தட்டை எடுத்து வீசினார். திருமணத்தில் அவருடைய பெயர் பொறித்துக் கொடுத்த எவர்சில்வர் தட்டு அது. அதன் விளிம்பு என் இடப்பக்கப் புருவத்தைக் கிழித்தது. மறுநாள் காலையில் அவர் என் நெற்றிக் கட்டைப் பார்த்துத் திகைத்தார். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே என்று என் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்று பகலில் அவருக்கு வேறொரு தட்டில் சோறு வைத்தேன். பதினாறு ஆண்டுகளாகத் தம் பெயர் பொறித்த தட்டில் அன்றி உண்ணாத மனிதர், அந்தத் தட்டு எங்கே என்று கேட்கவில்லை. பிசைந்து உண்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஐயம் தொடங்கியது. வெளியில் பீர் என்று சொல்லிவிட்டு உள்ளே பிராந்தி குடிக்கிறாரோ என்பதே முதல் ஐயம். கைருன்னிஸாவின் கணவர் அலாவுதீன், பாலகுருவின் கடைக்கு நேர் எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"சத்தியமா சொல்றேன் தங்கச்சி, ரெண்டு பாட்டில்தான். ரெண்டும் பச்சை லேபிள்தான்" என்றார் அவர். "அதைக் கேட்டு வாங்குற ஒரே ஆளு உங்க வீட்டுக்காரருதான். 'சாருக்கு மாடு கழுவுன தண்ணி ரெண்டு எடுத்து வை'ன்னு கேலி பண்றானுவொ. அவரும் சிரிச்சுக்கிட்டே குடிச்சிட்டுப் போறாரு."

"வேற கடைக்கு ஏதும் போறாரா அண்ணே?"

"என் கடையத் தாண்டாம எங்க போறது? பாலகுருவே சொல்றாப்ல, இதுல ஏத்திக்கணும்னா ஒரு அண்டா குடிக்கணும், அதுக்குள்ள வயிறு வெடிச்சிடும்னு."

ஆதலால் என் ஐயம் மனிதரை விட்டுப் புட்டியின்மேல் திரும்பியது. லேபிள் பொய் சொல்லலாம். நாரையின் பெயரால் உள்ளே சாராயத்தை அடைத்து விற்கலாம். எது உண்மை என்று அறிய, நானே குடித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

வேப்பம்பூ இரசத்தை ஆறவிட்டு, அதில் சோடாவைக் கலந்ததுபோல் இருந்தது. மூன்றாவது மிடறில் ஏப்பம் வந்தது.

"ஏறுதா?" என்றாள் கைருன்னிஸா, முக்காட்டை விலக்கி.

"ஏப்பம்தான் ஏறுது."

"அடுத்ததையும் குடி. அவரு ரெண்டுதானே குடிக்கிறாரு. பாதியில நிறுத்துனா கணக்கு தப்பிப் போயிடும்."

இரண்டாவதையும் குடித்தேன். பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தைப்போல என் உடம்பை நான் எப்பொழுதும் உற்று நோக்கியதில்லை. தலை சுற்றுகிறதா என்று தலையைக் கேட்டேன். கோபம் வருகிறதா என்று நெஞ்சைக் கேட்டேன். அடிக்கடி கொல்லைப்புறம் போக வேண்டியிருந்ததைத் தவிர வேறொன்றும் நிகழவில்லை. ஊசியில் நூல் கோத்தேன். முதல் முயற்சியிலேயே நுழைந்தது. சமையற்கட்டுத் தரையின் விரிசல்மேல் அடி பிசகாமல் நடந்து காட்டினேன்.

"இதெல்லாம் பத்தாது. தடுமாறுற கை எதுல காட்டிக் குடுக்கும் தெரியுமா? நீ மார்கழியில போடுவியே, சிக்கிக்கிட்டுச் சிக்கிக்கிட்டுப் போவுமே, அதைப் போடு பாப்போம்."

மத்தியானத்தில் வாசலில் கோலமிட்டால் தெருவே வந்து காரணம் கேட்கும். ஆகவே வாசற்கதவிற்கு உட்புறம், கூடத்திற்கு வரும் நடையில் போட்டேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை. ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை சிக்குக்கோலம் நிறைந்தது. ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. ஓரிடத்திலும் பொடி தடிக்கவில்லை. ஓரிடத்திலும் இழை அறவில்லை.

கைருன்னிஸா சுவரோரமாக நின்று நெடுநேரம் பார்த்தாள். இம்முறை அவள் கேலி பேசவில்லை.

"உனக்கு ஏறல" என்றாள்.

"ஏறல."

"ஆம்பள உடம்புக்கு ஏறுமோ என்னமோ."

"அரை பாட்டில் பிராந்தியக் குடிச்சிட்டு நேரா நடந்து வந்த உடம்பு அது."

அவள் என் புருவத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள். நான் பார்த்ததும் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "இதைக் கேள்விப்பட்டுத்தானே ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. கேட்டா என்னடி சொல்லுவே?"

ஒன்றரைச் சதவீதம் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது என் உடம்பின் சாட்சி மட்டுமே. அவருடைய உடம்பிற்காக நான் சாட்சி சொல்ல முடியாது. சூடம் அணைத்த மனிதரை இன்னொரு முறை நம்ப வேண்டும் என்றும் மனத்தின் ஒரு மூலை கெஞ்சிக்கொண்டிருந்தது. அது குடியாகவே இருந்துவிடட்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் வேண்டிக்கொண்டேன். குடியாக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லலாம்.

காலிப் புட்டிகளில் தண்ணீரை நிரப்பி, மூடிகளை அழுத்தி, மீண்டும் மணலில் புதைத்தேன். கோலத்தை அழிப்பதற்குத் துடைப்பத்தை எடுத்தேன். எடுத்த கையோடு அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன்.

ஆறரை மணிக்கு, தெருவிளக்கு எரிந்த சற்று நேரத்தில், சைக்கிள் வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் ஒலியும், சிறு சாவியைத் திருகிப் பூட்டும் ஒலியும் கேட்டன. வாசற்குழாயில் அவர் கால் கழுவிக்கொண்டார். அதன் பின்னரே அவருடைய குரல் குழறத் தொடங்கியது.

"எங்கடி இருக்கே? ஞாயித்துக்கிழமை வர்றானாமே உங்கண்ணன்? மறுபடியும் சூடம் வாங்கிட்டு வர்றானா?"

நான் கூடத்தின் நிலைப்படியில் நின்றேன். நடையில் நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தோள் கதவில் இடித்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைகள் காற்றில் எதையோ பிடிக்கத் தேடின. "வரட்டும், வரட்டும்" என்று சுவருக்கும் கூரைக்குமாகச் சொல்லிக்கொண்டு அவர் உள்ளே நடந்து வந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கால்களை மட்டுமே பார்த்தேன்.

வலது கால் கோலத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு முன்விரல்கள் மட்டும் ஊன்றி, இரண்டு இழைகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில் இறங்கியது. இடது கால் அதைக் கடந்து அடுத்த வெற்றிடத்தைத் தேடிக் கண்டுகொண்டது. மேலே உடம்பு ஆடிக்கொண்டிருந்தது, வாய் திட்டிக்கொண்டிருந்தது. கீழே அந்தக் கால்கள், அலுவலகத்தில் பதிவேட்டின் கட்டத்திற்குள் எழுத்துகளை வைப்பவருடைய கவனத்தோடு, ஒவ்வொரு அடியாக வைத்துக் கோலத்தைக் கடந்து வந்தன.

"தலை சுத்துது. சோத்தப் போடுடி" என்று கூறிக்கொண்டே என்னைக் கடந்து கூடத்திற்குள் போய், அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் நகரவில்லை. ஓர் இழையும் அறுபடவில்லை. ஒரு புள்ளியும் கலையவில்லை. கழுவிய கால்களின் ஈரம் சிவப்புத் தரையில், இழைகளுக்கு நடுநடுவே, ஏழு அடிகளாகப் பதிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. பல்பின் வெளிச்சத்தில் வாசலருகில் இருந்த முதல் அடி ஓரத்திலிருந்து உலரத் தொடங்கியிருந்தது.

"காது கேக்கலியா?" என்றது பின்னாலிருந்து அவருடைய குரல். அதில் குழறல் சற்றுக் குறைந்திருந்தது.

சுவருக்கு அப்பால் கைருன்னிஸா பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டது. கூப்பிட்டால் அரை நிமிடத்தில் வந்து, காய்வதற்குள் அவளும் பார்த்துவிடுவாள். முதல் அடியின் பெருவிரல் மறைந்தது. இரண்டாவது வெளுக்கத் தொடங்கியது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னும் ஈரமாக இருந்த ஐந்து அடிகளையும் பார்த்தபடி, நான் வாயைத் திறந்தேன்.