போட்டோ எடுக்கக் கூடாத வருஷம்

மேளச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது ஹசிந்தாவுக்கு. மிலாக்ரோஸ் வீட்டு முற்றத்தில் இன்று கடல்தாய் யெமாயாவுக்கு மேளம். தொமாசா கட்டாயம் வந்திருப்பாள். இருவரும் இதே மத்தான்சாஸ் ஊரில்தான் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார்கள். தொமாசா எதிரே வந்தால் ஹசிந்தா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

இன்று அது நடக்காது. தொமாசா தீட்சை வாங்கித் தலையில் சாமி ஏற்றுக்கொண்டு இருபத்தைந்து வருஷம். ஹசிந்தாவுக்கு ஐந்துதான். ஊரெல்லாம் கொண்டாடிய ஆட்டக்காரியாக இருந்தால் என்ன, அறுபத்தாறு வயதானால் என்ன? சாமி வயதில் யார் மூத்தவளோ அவள் காலடியில் இளையவள் விழ வேண்டும். இத்தனை நாள் தொமாசா போகாத வீடாகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தவள், இன்று வேண்டுமென்றேதான் வந்தாள். கண்ணை மூடுவதற்குள் 'மன்னிச்சுட்டேன்' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

"அடடா, வாங்க டீச்சர்! பாரிஸ்ல ஆடின காலு எங்க வீட்டுக்கும் வழி கண்டுபிடிச்சிருச்சே!" என்றாள் மிலாக்ரோஸ்.

பாரிஸ். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஹசிந்தா இருந்தது அரசாங்க ஆட்டக்குழுவில். மேடையில் சாமியாக ஆடலாம், கை வலிக்கத் தட்டுவார்கள். அதே சாமியை வீட்டில் கும்பிட்டால் வேலைக்கு உலை. தொமாசா ஹசிந்தாவிடம் ஆட்டம் கற்றவள். அவள் யெமாயாவின் நீலப் பாவாடையைச் சுழற்றினால், கால் நனைந்துவிடும் என்பதுபோல முன்வரிசைக்காரர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். பாரிஸ் பயணத்துக்கு யெமாயா அவள்தான் என்று முடிவாகியிருந்தது.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிட்ட அன்று, தொமாசா ஹசிந்தாவை உடை மாற்றும் அறைக்கு இழுத்துப்போய்த் தலைத்துணியை விலக்கிக் காட்டினாள். மொட்டை.

"சாமி எடுத்துட்டேன் டீச்சர். ஒரு வருஷத்துக்கு வெள்ளைத் துணிதான் கட்டணும், போட்டோ கூடவே கூடாது. எனக்கு முட்டி போச்சுன்னு சொல்லி லீவு வாங்கிக் குடுங்களேன். அடுத்த வருஷம் ஓடி வந்துடுறேன்."

"நான் பாத்துக்கறேன், போடி."

பார்த்துக்கொண்டாள், நன்றாகவே பார்த்துக்கொண்டாள்! மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மறைத்தது தெரிந்தால் தன் வேலையும் போய்விடுமே என்ற பயம் என்றுதான் இத்தனை வருஷமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பயம் பாதிதான். அடுத்த வருஷம் தொமாசா திரும்பி வந்தால் அந்த நீலப் பாவாடை அவளுக்குத்தான் போகும். மீதிப் பாதி அது. தொமாசாவை நிறுத்திவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலைக்குப் போனாள். ஹசிந்தா பாரிஸுக்குப் போனாள்.

இன்று முற்றத்தில் தொமாசா மேளங்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹசிந்தா தரையில் இடப்பக்கம் சாய்ந்து இடுப்பில் கை வைத்தாள், பிறகு வலப்பக்கம். யெமாயாவின் பிள்ளைகள் அப்படித்தான் விழ வேண்டும். இடுப்பு விண்ணென்று தெறித்தது. தோளில் இரண்டு கைகள் பட்டன. ஆசி சொல்லி அவளைத் தூக்கிவிட்டாள் தொமாசா.

ஹசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுட்டியாடி?"

"எதை டீச்சர்? நீங்க விழுந்தது என் தலையில இருக்கிற சாமி கால்ல. உங்கள தூக்கிவிட்டதும் அந்தச் சாமிதான். எங்கிட்ட நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

ஹசிந்தா அவள் காதருகே குனிந்தாள். "ஆபீஸ்ல போய்ச் சொன்னது நான்தான். பயந்து மட்டும் இல்ல. நீ திரும்பி வந்துடக் கூடாதுன்னு."

"தெரியும். உங்க ஒருத்தர்கிட்டதானே தலைய காட்டினேன்? வருஷம் முடிஞ்சு வெள்ளைய கழட்டின அன்னிக்கு, நீங்க வருவீங்கன்னு சாயந்திரம் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். 'வாடி, வேற எங்கயாவது போய் ஆடலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிளம்பியிருப்பேன்."

"இப்பவும் மன்னிக்க மாட்டியா?"

"அதெல்லாம் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. என்ன பிரயோஜனம்?" பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். இரண்டு முட்டிகளும் வீங்கி, துணி சுற்றிக் கிடந்தன. "இருபத்தஞ்சு வருஷம் ஈரத்துல நின்னது. இப்ப நிஜமாவே முட்டி போச்சு டீச்சர்."

கேட்க வந்த வார்த்தை கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஹசிந்தாவுக்குத் தெரியவில்லை.

மேளம் யெமாயாவின் தாளத்துக்கு மாறியது. "போங்க, ஆடுங்க. உங்க இடம் பின்னால" என்றாள் தொமாசா. அதில் குத்தல் இல்லை. சாமி வயதில் மூத்தவர்கள் மேளத்துக்கு முன்னால், புதியவர்கள் பின்னால் என்பதுதான் வழக்கம்.

ஹசிந்தா கடைசி வரிசையில், போன மாதம் சாமி எடுத்த பெண்களோடு போய் நின்றாள். முன்னால் தொமாசா உட்கார்ந்தபடியே தோளை மட்டும் அசைத்தாள். மெல்லத்தான் அசைத்தாள். மேடை மேடையாகத் தான் ஆடியதில் ஒருநாளும் வராதது அந்த இரண்டு தோள்களில் வந்து போனதை ஹசிந்தா பார்த்தாள். பாவி, இதையா நிறுத்தினேன்!

"என்ன டீச்சர், பாரிஸ் காலு மரத்துப்போச்சா?" என்று பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த மிலாக்ரோஸ் இடுப்பில் இடித்தாள்.

"ஆமாம்" என்றாள் ஹசிந்தா. அவளுக்குக் கால் எழவில்லை.