F1க்கு வைத்த பொட்டு

போட்டோக் கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த காத்தமுத்துவின் மடியில் ஒரு போட்டோ பிரேம் இருந்தது. கண்ணாடி இருந்தது, பின்னட்டை இருந்தது, சுவரில் மாட்டக் கம்பிகூட இருந்தது. போட்டோதான் இல்லை. பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய மாலை. மத்தியானம் ஆற்றங்கரையில் கருமாதிக் காரியம் முடிந்து தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய மனைவி புஷ்பம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் முதல் பஸ்ஸைப் பிடித்து யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்கு வந்து, கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்.

கடைக்காரி கிருஷ்ணகுமாரியோ கறுத்துக் கிடந்த கொம்பியூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரி. ‘டிரைவ் 1ஐக் காணவில்லை. தொடர்வதற்கு F1ஐ அழுத்தவும், செட்டப்புக்குப் போக F2ஐ அழுத்தவும்.’ இந்த ஆங்கில வரிகள் அவளுக்குப் புதிதில்லை. ஒரு வருசமாகத் தினமும் காலையில் வந்து நிற்பவைதான். கொம்பியூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. இரண்டாவது செத்துப் போனதும் கேகாலையில் கொம்பியூட்டர் பழுது பார்க்கும் முக்தார் நானா அதைக் கழற்றி எடுத்துவிட்டார். “இனி காலைல ஒரு மெசேஜ் வரும் தங்கச்சி. F1 அமத்துனா போயிரும். இந்தப் பக்கம் வந்தா பொட்டிய கொண்டாங்க, சின்ன வேலதான், சரி பண்ணித் தாறன்” என்றார். சின்ன வேலை என்று சொன்னால் எவனாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேகாலைக்குப் போவானா? போகவில்லை. F1ஐ அழுத்துவது சாமி விளக்கேற்றுவது மாதிரி கடையின் காலை வழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு F1 அழுந்தவில்லை. காரணம், அதன்மேல் ஒரு பொட்டு.

சின்னப் பொட்டா? அவள் புருசன் சுமனின் கை தாராளம். நேற்று ஆயுத பூசை. போட்டோகொப்பி மெசினுக்கு, பிரிண்டருக்கு, லெமினேட் மெசினுக்கு, பேப்பர் வெட்டும் கத்திக்கு, கமராவுக்கு என்று வரிசையாகச் சந்தனம் வைத்து வந்தவன், கீபோட்டுக்கு வந்ததும் யோசித்தான். இத்தனை பட்டனில் எதற்கு வைப்பது? தினமும் கடையைத் திறந்து கொடுப்பது F1 அல்லவா! அதற்கே சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, போதாக்குறைக்கு மஞ்சள் தண்ணீரையும் தெளித்தான். பூசைக்கு வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. ஒரு பகலும் இரவும் ஊறி, இறங்கி, காய்ந்து, பட்டன் சீமெந்து போட்ட மாதிரி இறுகிவிட்டது.

காலையில் இருந்து கிருஷ்ணகுமாரி ஊசியால் குத்திப் பார்த்தாள், ஸ்பிரிட்டில் துடைத்துப் பார்த்தாள். பட்டன் ஒருவழியாக அசைந்தது. அசைந்து என்ன, உள்ளே உயிர் இல்லை. பக்கத்து மருந்துக்கடை முதலாளி, நல்ல மனுசன், தன் பழைய கீபோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் வயர் முனை உருண்டை. இவர்களுடைய கொம்பியூட்டரின் முதுகில் உருண்டை ஓட்டையே கிடையாது.

“மத்த பட்டனெல்லாம் வேல செய்யுது. சரியா அந்த ஒன்னத்தான் பாத்து அபிசேகம் பண்ணியிருக்கீங்க.”

“பக்தியில செஞ்சது குமாரி” என்றான் சுமன்.

அவள் அவனை முறைத்தாள். திட்டுவதற்குக்கூட மனம் வரவில்லை. நேற்றே காத்தமுத்து வந்து கேட்டார். “நாளைக்கி கருமாதி தாயி, ஒரு பெரிய போட்டோ அடிச்சுக் குடு” என்று. இன்றைக்கு மெசினைத் தொடக் கூடாது, காலையில் வாருங்கள் என்று அனுப்பி வைத்தது இவர்கள் இரண்டு பேருந்தான். அந்த நினைப்புத்தான் அவளைக் குடைந்தது. புஷ்பம் பிறந்ததிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டதே இந்தக் கடையில் ஒரு தடவை, அடையாள அட்டைக்கு. எடுத்த பிரதிகள் விண்ணப்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டன. அட்டை வரும் முன்னே, றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தாள். அவளுடைய முகம் இப்போது இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, இந்தப் பெட்டிக்குள். பெட்டியோ திறக்க மாட்டேன் என்கிறது.

“என்னா தாயி சொல்லுது அது?” என்று வாங்கிலிருந்து கேட்டார் காத்தமுத்து.

“இல்லாத ஒன்ன தேடுது மாமா. தேடிட்டு காணோம் காணோம்னு சொல்லுது.”

அவர் தலையை ஆட்டினார். “நானும் அப்புடித்தான். காலைல எந்திரிச்சா ரெண்டு கோப்பையில தேத்தண்ணி ஊத்திர்றேன்.”

அதற்கு மேல் கிருஷ்ணகுமாரியால் சும்மா நிற்க முடியவில்லை. “என்னங்க, முக்தார் நானாவுக்கு போன் போடுங்க” என்றாள்.

கடைக்குள் சிக்னல் வராது. சுமன் ரோட்டுக்கு மறுபக்கம் ஓடி, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அங்கிருந்தே கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“F2 வேல செய்யுதான்னு கேக்குறாரு!”

அவள் அழுத்தினாள். கறுப்புத் திரை போய், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றது. ஒரு வருசமாகக் கண் முன்னால் இருந்த கதவு. ஒரு நாளும் தட்டிப் பார்த்ததில்லை.

“செய்யுது!”

“அதுல டிரைவ்ஸ்னு ஒன்னு இருக்குமாம், அதுக்குள்ள போகட்டுமாம்! கவனமாக் கேளு, SATA ஒப்பரேஷன்னு ஒன்னும் இருக்குமாம், அதுல மட்டும் கை வைக்கப்படாதாம்! மாத்துனா விண்டோஸ் நீலமா விழுந்து கெடக்குமாம்!” ஒரு லொறி குறுக்கே போனது. அது போனதும் மறுபடி குரல் வந்தது. “பயப்பட வேணாமாம், எங்க தேடணும்னு சொல்ற எடம்தானாம் அது, உள்ள இருக்குற போட்டோவ ஒன்னும் செய்யாதாம்! இப்ப ஓஃப் பண்ண வேண்டியது...”

“எத?”

சுமன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். உதறினான். மறுபடி பார்த்தான். சார்ஜ் தீர்ந்துவிட்டது. தீராமல் என்ன செய்யும்? போனையும் சார்ஜரையும் சேர்த்தல்லவா நேற்றுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்திருந்தான்!

கடைக்குள் அவன் வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தான். இருவரும் திரையைப் பார்த்தார்கள். டிரைவ் 0. அதற்குக் கீழே டிரைவ் 1. இரண்டுக்கும் நேரே ‘ஓன்’.

“சைபர ஓஃப் பண்ணு” என்றான் சுமன். “சைபர்னா ஒன்னுமில்லதானே? நம்மகிட்ட இருக்குறது ஒரு டிஸ்க். அப்ப அதுதான் ஒன்னு.”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கிருஷ்ணகுமாரி பட்டனுக்கு மேலே விரலை வைத்தவள், வைத்தபடியே நின்றுவிட்டாள்.

“பொறுங்க. காலைல காணோம்னு எத சொன்னிச்சு? ஒன்னத்தானே சொன்னிச்சு? இருக்குற டிஸ்க்கு ஒன்னுன்னா, அதயே காணோம்னு சொல்லிட்டு ஒரு வருசமா எப்புடி ஓடிச்சு?”

சுமன் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தான்.

அவள் டிரைவ் 0இல் போய் நின்றாள். வலது பக்கத்தில் டிஸ்க்கின் அளவு, மாதிரி, நம்பர் என்று ஏதேதோ வந்தது. டிரைவ் 1க்கு இறங்கினாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது. மறுபடி மேலே போனாள், மறுபடி இறங்கினாள். இந்தப் பெட்டி சைபரில் இருந்து எண்ணுகிறது! சைபர்தான் இருக்கிற டிஸ்க். புஷ்பம் சைபருக்குள் இருக்கிறாள். சுமன் சொன்னதைக் கேட்டு அழுத்தியிருந்தால்?

அந்தப் பதற்றத்தில்தான் கை தவறியது. அம்புக்குறிப் பட்டனை ஒன்றுக்கு இரண்டாக அழுத்திவிட்டாள். கீழே இறங்கிய வெளிச்சம் SATA ஒப்பரேஷனில் போய் விழுந்து, பக்கத்து அம்பும் சேர்ந்து அழுந்தியதில் அதற்கு நேரே இருந்த எழுத்து வேறொன்றாக மாறியது.

“ஐயோ, அதுதான்! அதுதான் தொடக் கூடாதுன்னாரு!” சுமன் தலையில் கை வைத்தான். “நிப்பாட்டு குமாரி. இன்னும் கெட்டுப் போகும். நாளைக்கி பொட்டிய தூக்கிட்டு கேகாலைக்கு போறேன்.”

“நாளைக்கி கருமாதி இல்லீங்க. இன்னைக்கி.”

காத்தமுத்து வாங்கிலிருந்து எழுந்து வந்துவிட்டார். பிரேமின் கண்ணாடியில் அவருடைய கட்டைவிரல் அடையாளம் பதிந்திருந்தது. “கெட்டுப்போச்சா தாயி?” என்று கேட்டார். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. அந்தச் சாதாரணக் குரல்தான் கிருஷ்ணகுமாரிக்குத் தாங்கவில்லை.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். கடிதம் அடிக்கும்போது எத்தனை தடவை பிழை விட்டிருப்பாள்! பிழை விட்டால் என்ன செய்வாள்? சேமிக்காமல் மூடுவாள். இந்தப் பெட்டிக்கும் அந்தப் புத்தி இருக்காதா? Esc பட்டனை அழுத்தினாள். மூன்று வழி காட்டியது. இங்கேயே இரு, சேமித்துவிட்டு வெளியே போ, சேமிக்காமல் வெளியே போ. ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். மூன்றாவதில் நின்று, இன்னொரு தடவை வாசித்துவிட்டு அழுத்தினாள்.

திரை இருண்டது. பிறகு அதே பழைய இரண்டு வரி. டிரைவ் 1ஐக் காணவில்லை. ஒரு வருசமாக எரிச்சலூட்டிய அந்த வரியைப் பார்த்து அவளுக்குச் சந்தோசம் வந்தது அன்றைக்குத்தான்.

“ஒன்னும் கெடல மாமா. பழையபடி வந்துருச்சு.” மறுபடி F2. மறுபடி டிரைவ்ஸ். SATA ஒப்பரேஷனை முதலில் எட்டிப் பார்த்தாள். பழைய எழுத்தே இருந்தது, அப்பாடா. டிரைவ் 1இல் வந்து நின்று காத்தமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். “மாமா, இப்ப இதுல ஓன்னு இருக்கு. நான் ஓஃப் ஆக்கப் போறேன். சரி வரலேன்னா திரும்ப ஓன்னு ஆக்கணும். பதட்டத்துல எனக்கு மறந்துரும், நீங்க ஞாபகம் வச்சிருங்க.”

“ஓன்” என்றார் காத்தமுத்து. பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, “ஓன், ஓன், ஓன்” என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

ஒன்று. ஓஃப். வேறு எதையும் தொடவில்லை. Esc. இந்தத் தடவை, சேமித்துவிட்டு வெளியே போ.

திரை இருண்டது. மூன்று பேரும் குனிந்தார்கள். உள்ளே காற்றாடி உறுமியது. பழக்கதோசம், சுமனின் விரல் தன்பாட்டில் F1க்குப் போனது, அவள் தட்டிவிட்டாள். இரண்டு வரி வரும் நேரம் வந்தது. வரவில்லை. திரை இன்னும் கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. அப்புறம் வந்ததே விண்டோஸ், கொடியும் பாட்டுமாக!

“வந்துருச்சு!” கிருஷ்ணகுமாரி கத்திய கத்தலில் மருந்துக்கடை முதலாளி எட்டிப் பார்த்தார். “மொகொத, மொகொத உனே?” என்று, என்ன ஆயிற்றோ எனச் சிங்களத்தில் பதறிக் கேட்டார். “ஹரிகியா முதலாளி, ஹரிகியா, சரியாயிருச்சு!” என்று சுமன் அவரைக் கட்டிக்கொள்ளாத குறையாகச் சிரித்தான். காத்தமுத்து இன்னும் கண் திறக்கவில்லை. “ஓன், ஓன்” என்றபடி நின்றார்.

“போதும் மாமா. கண்ணத் தொறங்க, வேல முடிஞ்சிருச்சு.”

அவள் கதிரையில் உட்கார்ந்து புஷ்பத்தைத் தேடினாள். இரண்டு படம் இருந்தன. ஒன்று கொழும்புக்குப் போனது: உதடு ஒட்டி, கண் விறைத்து, பொலிசுக்குப் பயந்த மாதிரி. மற்றது அதற்கு முன்னால் எடுபட்டது. அன்றைக்குக் கமராவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் காத்தமுத்து தலையை வழித்துச் சீவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் புஷ்பம், “ஒனக்கில்ல போட்டோ, எனக்கு” என்று சிரித்த நேரத்தில் கமரா சொடுக்கிவிட்டது. சிரித்த படம் அட்டைக்கு ஆகாது, அழித்துவிடு என்று சுமன் சொன்னான். அழிக்கக் கிருஷ்ணகுமாரிக்குக் கை வரவில்லை.

எதை அடிப்பது என்று அவள் கேட்கவே இல்லை.

பிரிண்டர் கரகரவென்று இழுத்தது. முதலில் பின்னால் தொங்கவிட்ட நீலத் துணி. பிறகு வகிடு. நெற்றி, அதில் பெரிய பொட்டு. காத்தமுத்து குனிந்தார். புருவம் வந்தது. கண் வந்தது, கண்ணே சிரித்தது. மூக்குத்தி. அப்புறம் அந்த வாய், ஓரத்துப் பல் ஒன்று விழுந்த இடம் தெரிய, அகலமாகத் திறந்து சிரிக்கும் வாய்.

“ஏய்” என்றார் காத்தமுத்து, பிரிண்டரைப் பார்த்து. “என்னையப் பாத்துத்தான் சிரிக்கிறா தாயி. தல சீவுனேன்ல, அதுக்கு.” முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. கிருஷ்ணகுமாரி தாராளமாகவே அழுதாள்.

விசயதசமி நல்ல நாளில் முதல் வேலை இப்படி அமைந்துவிட்டதே என்று சுமன் முணுமுணுப்பானோ என்று அவள் ஓரக் கண்ணால் பார்த்தாள். அவன் பிரேமின் பின்னட்டையைக் கழற்றி, கண்ணாடியைத் தன் சட்டையால் துடைத்து, படத்தைக் கோணாமல் வைத்து ஆணி மடக்கிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் சாமி படத்தடியில் இருந்த குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தான்.

“அது எதுக்கு?”

“F2க்கு” என்றான்.

“கைய வெட்டிருவேன்” என்றாள் கிருஷ்ணகுமாரி.

தோட்டத்து பஸ் ஹோர்ன் அடித்தது. காத்தமுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரேமைத் தூக்கியபடி ரோட்டைக் கடந்து ஓடினார். கிருஷ்ணகுமாரி வாசலுக்கு வந்து நின்றாள். கூட்டத்துக்குள் அவர் நுழைவதும், யாரோ எழுந்து இடம் கொடுப்பதும் தெரிந்தது. அவர் ஜன்னல் ஓரத்தில் உட்காரவில்லை. அந்த இடத்தில் பிரேமை நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தான் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது. மருந்துக்கடை, மீன்கடை, பாலம் என்று கடைவீதி முழுவதையும் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டே போனாள் புஷ்பம்.